விடுப்புப் படிவத்தில் எழுதிய கோயில்

விடுப்புப் படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்தில் நான் ஏன் கோயில் என்று எழுதினேன்? மூன்று கிழமையாக என்னையே கேட்கிறேன்.

சுவிசில், நாங்கள் இருக்கும் எம்மன்புரூக்கேயில் கிண்டர்கார்ட்டன் பிள்ளையை நினைத்தபடி வீட்டில் மறிக்க முடியாது. ஒரு கிழமை வேண்டுமென்றால் எழுதிக் கேட்க வேண்டும். உல்லாசப் பயணம் என்றால் விடமாட்டார்கள், சமயக் கடமை என்றால் அநேகமாக விடுவார்கள். எங்கள் சனத்துக்கு இது நன்றாகத் தெரியும்.

நாங்கள் போனது மணாலிக்கு. கணவரின் அக்காவான, இங்கேயே ஓர்லிகோனில் இருக்கும் மச்சாள், தன்னுடைய வேலை லீவுக்கு ஏற்றபடி எல்லோருக்கும் டிக்கெட் போட்டுவிட்டார். இமயமலை பார்க்க வேண்டுமாம். எங்கள் பல்கனியில் நின்றால் பிலாட்டுஸ் மலை தெரியும். வரும்போதெல்லாம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிப்பவர் அவர்.

“அங்கை கோயிலும் இருக்குத்தானே. கோயிலெண்டே எழுதிவிடும். உமக்கு எல்லாத்துக்கும் பயம்,” என்றார் தொலைபேசியில். கணவரும் அதைத்தான் சொன்னார். நான் மூன்று தரம் திருத்தி, பிழையில்லாத டொச்சில், இங்கத்தைய ஜெர்மன் மொழியில், எழுதிக் கொடுத்தேன். மகளின் ஆசிரியை அனுமதித்ததோடு, பயணம் மன அமைதி தரட்டும் என்று ஒரு வரி கையால் எழுதியும் அனுப்பியிருந்தார். அந்தக் கடிதத்தை மடித்து, கண்ணில் படாத இடத்தில் வைத்தேன்.

அந்த ஊரை எனக்குப் பிடிக்கவில்லை. பனி இருக்கும் இடத்துக்குப் போகும் பாதையில் அரைநாள் வாகனத்துக்குப் பின் வாகனமாக நின்றோம். வளைவுகளில் மகள் இரண்டு தரம் சத்தி எடுத்தாள். வழியில் ஒரு கடையில் வாடகைக்குப் பனிக்கோட்டும் பூட்சும் மாட்டிவிட்டார்கள். முதுகில் பெரிய எண் எழுதிய கோட்டு. யார் யாரோ போட்டுக் கழற்றிய வியர்வை நாற்றம். பூட்சுக்குள் ஏற்கெனவே ஈரம். இத்தனைக்கும் பிறகு மேலே கண்டது, சாம்பல் நிறத்தில் மிதிபட்டுக் கிடந்த பனியும் அதற்குள் செருகி நின்ற நூடில்ஸ் கோப்பைகளும்தான். மூக்கணாங்கயிறு போட்ட ஒரு யாக் மாட்டின் மேல் ஆள் மாறி ஆள் ஏறி இறங்கினார்கள். அதன் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு பெண், படம் எடுக்கவென்று, கேட்காமலே மகளின் கையில் வெள்ளை முயலைத் திணித்துவிட்டு, காசு தரும்வரை பின்னாலேயே வந்தாள். இது இந்தியாவின் சுவிட்சர்லாந்து என்று எழுதிய பலகையின் கீழே நின்று மச்சாள் படம் எடுத்து, சுவிசில் இருக்கிற சொந்தங்களுக்கே அனுப்பினார்.

கோயிலுக்கும் போனோம். தேவதாரு மரங்களுக்கு நடுவில், மரத்தாலான பழைய கோயில். அந்த ஊரில் எனக்குப் பிடித்த ஒரே இடம். வரிசை நீளம் என்று மச்சாள் வெளியே நின்றே கும்பிடச் சொன்னார். பத்து நிமிடம் நின்றிருப்போமா?

திரும்பும் விமானத்தில் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆசிரியை கேட்டால் மலையிலிருக்கும் கோயிலுக்குப் போனதாகச் சொல்ல வேண்டும்.

“முயலையும் கோயிலெண்டு சொல்லுறதோ அம்மா?”

முயலைப் பற்றிக் கதைக்க வேண்டாம் என்றேன். ஐந்து வயதுப் பிள்ளையிடம் நான் சொன்னது இது.

அடுத்த கிழமை, மகளைக் கூட்டிவரப் போனபோது ஆசிரியை வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்தார். பனிச்சறுக்கில் விழுந்து, மாசியிலிருந்து முழங்காலில் பட்டி கட்டிக்கொண்டு நடப்பவர் அவர். காலையில் பிள்ளைகள் வட்டமாக இருந்து கதைக்கும் நேரத்தில் என் மகள், பனியில் வெறுங்காலோடு மலை ஏறியதாகவும், உச்சியில் விளக்குக் கொளுத்தி ஆசிரியையின் முழங்காலுக்காகக் கும்பிட்டதாகவும் சொல்லியிருக்கிறாள். தனக்காக ஒரு பிள்ளை இப்படிச் செய்தது இதுதான் முதல்தரம் என்றார். கண் கலங்கியிருந்தது. வருகிற வியாழக்கிழமை நான் வகுப்புக்கு வந்து, படங்கள் காட்டி, அந்த யாத்திரையைப் பற்றி மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்ல முடியுமா என்று கேட்டார். நான் ஓம் என்று தலையாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“நான் உண்மையாக் கும்பிடேல்லை அம்மா. ஆனா டீச்சர் சந்தோஷப்பட்டவ.”

மச்சாளுக்குச் சொன்னேன். சிரித்தார். “பிள்ளைக்கு விளங்கினது உமக்கு விளங்கேல்லையே,” என்றார். அன்றிலிருந்து அவரோடு நான் கதைக்கவில்லை. ஆனால் எழுதியது என் கை. அவரை மட்டும் கோபிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை.

கைபேசியில் இருப்பதெல்லாம் யாக், முயல், எண் எழுதிய கோட்டு. கோயில் தெரிகிற படம் ஒன்றே ஒன்று, அதிலும் முக்கால்வாசி மச்சாளின் கறுப்புக் கண்ணாடி. உண்மையைச் சொன்னால் ஆசிரியைக்கு என் மகள் பொய்க்காரியாகிவிடுவாள். நாளைக்கு உண்மையாகவே கோயிலுக்காக விடுப்புக் கேட்கும் இன்னொரு தமிழ்த் தாயையும் நம்பமாட்டார்கள். சொல்லாமல் விட்டால், அந்தப் பொய்யை என் பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, பதினெட்டுப் பிள்ளைகளுக்கு நானே படிப்பிக்க வேண்டும்.

இதை வாசிக்கிற அம்மாமாரில் யாராவது இப்படி மாட்டியிருக்கிறீர்களா? வியாழக்கிழமைக்கு முன் ஆசிரியையைத் தனியே சந்தித்துச் சொல்வதா? அப்படியென்றால் மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டா, வீட்டில் விட்டுவிட்டா? தயவுசெய்து எழுதுங்கள்.