போத்தலின் பின்பக்கம்

கடைக்குப் போகும்போது நான்கு சொற்களை மனதில் குறித்து வைத்திருந்தேன்: மாடு, பன்றி, கோழி, முட்டை. இனிப்பும் உறைப்பும் கலந்த பார்பிகியூ சோஸ் போத்தலின் பின்பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்தேன். அந்த நான்கும் இல்லை. வாங்கிவிட்டேன். ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவள் நான். எந்தப் போத்தலையும் வாசிக்காமல் திறப்பதில்லை என்று எனக்குள் ஒரு பெருமை இருந்தது.

சண்டிலிப்பாயில் எங்கள் கோயில் கொடியேறிய நாளிலிருந்து வீட்டில் மச்சம் இல்லை. மீனும் இறைச்சியும் சமைக்கும் சட்டிகளை அம்மா கழுவிப் பின்கொட்டிலில் கவிழ்த்துவிட்டார். நான் போத்தல் வாங்கியதற்கு மறுநாள் தேர். அன்று அப்பா பிரதட்டை செய்யவேண்டும். போன வருடம் அவருடைய வலது கண்ணுக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது அம்மா வைத்த நேர்த்திக்கடன் அது. திருவிழா முழுவதும் மச்சம் தொடாமலிருந்து, ஈர வேட்டியோடு கோயில் வீதியை உருண்டு சுற்றவேண்டும். கண் சுகமாகிவிட்டது. நேர்த்திதான் மிச்சம்.

பூசணிக்காயும் பருப்பும் அப்பாவுக்கு அலுத்துப்போயிருந்தன. அதற்காகத்தான் அந்தப் போத்தல். சோயாவை அவித்துப் பிழிந்து, சோஸில் பிரட்டித் தோசைக்கல்லில் வாட்டினேன். பனங்கட்டி கருகுவது போல ஒரு வாசம்.

"உறைப்பெண்டு எழுதிப்போட்டுச் சீனிப்பாணியை ஊத்தி வைச்சிருக்கிறாங்கள்" என்றார் அப்பா. மூன்றாவது துண்டில் கண்ணைத் துடைத்தார். "இல்லை, பிறகுதான் உறைக்குது. கள்ளச் சாமான்."

தட்டை விரலால் வழித்தார். நானும் சாப்பிட்டேன். அம்மா மட்டும் சாப்பிடவில்லை. விரதம், இரவுப் பூசை முடிந்துதான் அவருக்குச் சாப்பாடு.

"உதுக்கேன் கடைக்குப் போவான்? என்னென்ன போட்டிருக்கெண்டு வாசி பிள்ளை, நானே செய்வன்."

வாசித்தேன். சீனி. வினாகிரி. தக்காளி. கடுகு. மிளகாய். அடுத்து வேறொரு சோஸின் பெயர் இருந்தது. அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பது அடைப்புக்குறிக்குள், பொடி எழுத்தில். புளி, வெங்காயம், நெத்தலி. என் நான்கு சொற்களில் மீன் இல்லை.

"பிறகு?"

"உப்பு" என்றேன்.

"உப்புப் போடுவினமாம்! இதுக்குத்தான் இவளைப் படிப்பிச்சனாங்கள்" என்று அம்மா சிரித்தபடி பூக்கட்டப் போனார்.

அளவு மிகக் குறைவு. அப்பா தெரியாமல் சாப்பிட்டார். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொல்லாமல் விட இந்த மூன்று காரணங்களும் பிழையில்லாதவைதான். ஆனால் நாளைக்கு அவர் கோயில் வீதி மணலில் உருளும்போது நான் பக்கத்தில் நிற்கவேண்டும்.

பின்னேரம் அப்பா கிணற்றடியில் வேட்டி அலசிக்கொண்டிருந்தார்.

"அப்பா, மத்தியானம் சாப்பிட்ட சோஸிலை நெத்தலி இருக்குது."

அவர் கை நின்றது. "எவ்வளவு?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சமெண்டால் மச்சமில்லையோ?" வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டார். "கொம்மாட்டைச் சொன்னியே?"

"இல்லை. வாசிக்கேக்கை அதை விட்டிட்டன்."

"தெரியாமல் திண்டது ஒண்டு. தெரிஞ்சு மறைக்கிறது வேறை. போய்ச் சொல்லு. நானும் வாறன்."

சொன்னேன். அம்மா பூக்கட்டும் நாரைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"நீயும் சாப்பிட்டனி, என்ன?"

"ஓம்."

அப்பாவுக்குப் பதிலாக நான் நேர்த்தியைச் செய்கிறேன் என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. அம்மா எழுந்து, தோசைக்கல்லையும் எங்கள் இரண்டு தட்டுகளையும் கொண்டுபோய்ப் பின்கொட்டிலில் மச்சச் சட்டிகளோடு வைத்தார். கை கால் கழுவிக்கொண்டு வந்தார்.

"நேத்தி வைச்சது நான். வாயிலை வைக்காததும் நான்தான். நாளைக்கு நான் அடி அழிக்கிறன்."

அடிக்கு அடி நிலத்தில் விழுந்து கும்பிட்டு எழும்பி, பெண்கள் வீதியைச் சுற்றி வருவது அது.

"உந்த முழங்காலோடை ஏலுமோ உமக்கு?" என்றார் அப்பா.

"உங்கடை கண்ணுக்கு நேர்ந்தது. ஏலும்."

அப்பா கொடியில் தொங்கிய வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடிய, குளித்துவிட்டு வந்த அம்மா கதிரையில் இருந்து காலை நீட்டினார். சுற்றுத்துணியோடு நான் கீழே குந்தினேன். முழங்கால் நான் நினைத்திருந்ததைவிட வீங்கியிருந்தது. முதல் சுற்று வழுகியது, அவிழ்த்தேன். இரண்டாவதும் சரிவரவில்லை.

"நோகுதோ அம்மா?"

"நோகும்தான். இறுக்கிக் கட்டு, தேர் வெளிக்கிடப்போகுது."