நெயில் பாலிஷ் புள்ளி

ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா ஒரு டிடிபி கடை வைத்திருந்தார். அங்கிருந்த ஒரே கம்ப்யூட்டரின் திரைக்கு அடியில், வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு சின்னச் சக்கரம் உண்டு. அம்மாவின் நெயில் பாலிஷை எடுத்து அந்தச் சக்கரத்தில் ஒரு புள்ளியும், அதற்கு நேராகச் சட்டத்தில் ஒரு புள்ளியும் வைத்திருந்தார் அப்பா. இரண்டும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். ஒருமுறை யாரோ அதைத் திருகிவிட, திரையை நம்பிச் சரிசெய்த கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரில் இறந்தவரின் முகம் கரிக்கட்டையாக அச்சாகி, அவர் வீட்டார் துக்கத்தை மறந்து கடை வாசலில் சண்டைக்கு நின்றார்கள். அன்றிலிருந்து அந்தப் புள்ளியைத் தாண்டுவது எங்கள் குடும்பத்தில் பெரிய குற்றம்.

அந்தக் குற்றத்தை ஞாயிறுதோறும் செய்தவர் மாமா, அம்மாவின் தம்பி. கடையைப் பெருக்கித் துடைப்பதாகச் சொல்லி, நாங்கள் குடியிருந்த ராஜபாளையத்திலிருந்து ஸ்கூட்டரில் என்னையும் ஏற்றிக்கொண்டு போவார். துடைப்பம் மூலையிலேயே கிடக்கும். சுரங்கத்துக்குள் துப்பாக்கியோடு அலைகிற ஒரு விளையாட்டு அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தது. மாமா நடப்பார், நான் சுடுவேன்.

உட்கார்ந்ததும் அவர் சக்கரத்தைக் கடைசிவரை திருகுவார். அதுவும் போதாமல், விளையாட்டுக்குள்ளேயே வெளிச்சம் கூட்ட ‘காமா’ என்று இருந்த அளவுக்கோட்டையும் கடைசிவரை தள்ளுவார்.

"இது திரியைத் தூண்டி விடுற மாதிரிட்டி" என்பார்.

"போதும் மாமா. சுவரெல்லாம் சாம்பல் பூசினாப்புல வெளுத்துப்போச்சு."

"எனக்கு இன்னும் இருட்டாத்தான் இருக்கு. நீ பாத்துச் சொல்லு, எங்க நிக்கான்?"

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. திரையில் வந்த பூதங்களைவிட அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். மாமாவுக்கு ஒரு மில்லில் வேன் ஓட்டும் வேலை கிடைத்திருந்தது. தேவதானம் பக்கத்துப் பெண்களை இரவு ஷிப்டுக்கு ஏற்றி வர வேண்டும். அப்பா தன் பேரைச் சொல்லி வாங்கிக் கொடுத்த வேலை. அதை நம்பித்தான் மாமாவுக்குப் பெண்ணும் பேசியிருந்தார்கள். புள்ளி விஷயம் தெரிந்தால் அப்பா அந்த வேலையைப் பிடுங்கிவிடுவார் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். அதனால் கிளம்பும்போது இரண்டு புள்ளிகளையும் நேராக்கி, ஒற்றைக் கண்ணை மூடிச் சரிபார்த்துவிட்டுத்தான் வெளியே வருவேன்.

திரும்பும் வழியில் வெயில் இறங்கிவிட்டால் மாமா இன்னொரு விளையாட்டு வைத்திருந்தார். ஸ்கூட்டரின் முன்னால் என்னை நிற்க வைத்து, "எதுத்தாப்புல என்ன வருதுன்னு நீ சொல்லு, நான் ஓட்டுதேன்" என்பார். சைக்கிள், ஆடு, இடது பக்கம் மாட்டு வண்டி என்று நான் கத்திக்கொண்டே வருவேன். வேறு எந்த மாமாவும் மருமகளுக்கு இவ்வளவு இடம் கொடுத்ததாகத் தெரியவில்லை.

மாமா வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய ஞாயிறு, மத்தியானம் போன கரண்ட் சாயங்காலம்தான் வந்தது. ஆட்டம் முடிந்து கிளம்பும்போது நன்றாக மங்கிவிட்டது. ஊரைத் தாண்டியதும் எனக்குச் சுரீர் என்றது. புள்ளியைச் சரி செய்தேனா? விரல் சக்கரத்தில் பட்டது நினைவிருந்தது, பார்த்தது நினைவில்லை. திரும்பிப் போகச் சொல்லலாமா என்று நினைத்து நினைத்து, கத்துவதை மறந்துபோனேன்.

டிராக்டர் ஒன்று தேங்காய் ஏற்றியபடி பாதி ரோட்டை அடைத்து நின்றது. கிட்டே வந்த பிறகுதான் "மாமா!" என்று அலறினேன். அவர் வெட்டித் திருப்பியதில் ஓரத்து மண்ணில் சரிந்தோம். எனக்கு முட்டியில் சிராய்ப்பு. மாமாவுக்கு ஒன்றுமில்லை. புறங்கையால் என் முட்டியில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டுக் கேட்டார்.

"ஏட்டி, அந்த டிராக்டர் பொறத்தால லைட்டு எரியலைல்லா?"

"எரிஞ்சுதே மாமா. செவப்பா, பெருசா. இன்னும் எரியுது, அந்தா பாருங்க."

மாமா அந்தப் பக்கம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்கூட்டரைக் கிளப்பவே இல்லை. பெட்ரோல் இருந்தும் டீக்கடை வரை தள்ளிக்கொண்டு வந்து, அங்கேயே விட்டுவிட்டு, என்னைப் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வழியெல்லாம் என் கையை விடவில்லை. நானோ புள்ளியைப் பற்றி மட்டுமே கவலைப்பட்டுக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையில், வேன் வேலைக்குப் போகவில்லை என்றார் மாமா. காரணம் சொல்லவில்லை.

"மாப்ள, சோம்பேறின்னு பேரு வாங்கணும்னா நீ வாங்கிக்கோ. என் பேரை எதுக்கு இழுக்க?" என்று அப்பா கத்தினார். பெண் வீட்டுக்கு என்ன பதில் சொல்வது என்று அம்மா அழுதாள். மாமா தலையைக் குனிந்தபடி இட்லியைப் பிட்டுக்கொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

எனக்கு உறுதியாகிவிட்டது. நான்தான் புள்ளியை விட்டுவிட்டேன். அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்று பயந்து மாமா தானாகவே விலகிவிட்டார். அப்பாவுடன் அடம்பிடித்துக் கடைக்குப் போனேன். அவர் ஷட்டரைத் தூக்கியதும் உள்ளே ஓடி, திரைக்கு முன்னால் குனிந்து, ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன்.

இரண்டு புள்ளிகளும் நேருக்கு நேர் நின்றன.

மாலைக்கண் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வர இன்னும் சில வருடங்கள் இருந்தன. புள்ளி சரியாக இருக்கும்போது மாமா எதற்குப் பயந்தார் என்று எனக்குப் புரியவே இல்லை.