நுரைக்காத சோப்பு

முதன்முதலாக வீடு வாங்கப் போகிறவர்களிடம் எல்லோரும் பத்திரத்தைப் பார், வில்லங்கம் பார் என்பார்கள். இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் தாயில்பட்டிப் பக்கம் ஒரு வீட்டைப் பார்க்கப் போனபோது, என் வீட்டுக்காரர் அதற்கு மேலும் பார்த்தார். சுவரைத் தட்டினார், தளத்தில் விரிசல் தேடினார். விற்கிறவர் அவரை மாடிக்குக் கூட்டிப்போய்ப் பெருமை பேசினார். என்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் பட்டாசு கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தேன். விரலெல்லாம் அலுமினியப் பொடி. விற்கிறவரின் மனைவியிடம் சோப்பு வாங்கிக் கொல்லைக் குழாயில் கை கழுவினேன். எவ்வளவு தேய்த்தும் நுரை வரவில்லை. வெள்ளிப் பூச்சு அப்படியே நின்றது.

அந்த அம்மா மாடியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “போகாது தாயி. போர்த்தண்ணி அம்புட்டும் உப்பு. இதுல பருப்புகூட வேகாது. தெனமும் பட்டாசு மருந்துல கெடக்குறவ நீ, இங்கன வந்து கஷ்டப்படாத. எங்க வீட்டுக்காரவுக இதைச் சொல்ல மாட்டாக.”

சொல்லிவிட்டுத் தன் முந்தானையாலேயே என் கையைத் துடைத்துவிட்டார்.

அந்த வீட்டை நாங்கள் வாங்கவில்லை. பிறகு ஆமத்தூரில் வீடு பார்த்தபோது, சுவரைத் தட்டும் முன்பே என் வீட்டுக்காரர் என்னிடம் சோப்பை நீட்டினார். இன்றைக்கும் வேலை விட்டு வந்து கை கழுவினால் நுரை பொங்குகிறது. அந்த உப்புத் தண்ணீரில் எவ்வளவு துவைத்தும், என் கைப் பொடி அந்த அம்மா முந்தானையை விட்டுப் போயிருக்காது.