மாசமாக இருக்கும்போது கழுத்தில் ஊசியா?

மூன்று வருடங்களுக்கு முன், நான் நான்கு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்தது இது. எங்கள் ஊர் நல்லம்பள்ளிப் பக்கம். முந்தைய வருடம்தான் ஒரு கரு கலைந்திருந்தது. அதனால் இந்த முறை வீட்டில் என்னைத் தும்மக்கூட விடவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் ஒருநாள் செயின் மாட்டும்போது, தொண்டையில் இலந்தைப்பழம் அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "தைராய்டுல கட்டிம்மா. பெரும்பாலும் சாதாக் கட்டியாத்தான் இருக்கும். ஆனா கொஞ்சம் சந்தேகமா இருக்கு. சின்ன ஊசியில துளி எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிடலாம். குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது."

கூட வந்திருந்த என் மாமியார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "வேண்டாங்க. புள்ளத்தாச்சி கழுத்துல ஊசி குத்துவாங்களா எங்கியாச்சும்? ஊசி பட்டா ஒடம்பு பூரா பரவிக்குங்க. வா கண்ணு, வூட்டுக்குப் போலாம்."

அப்படிப் பரவாது என்றும், கர்ப்பத்தில் செய்யக் கூடாத ஸ்கேனை எழுதவே இல்லை என்றும் டாக்டரம்மா பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். அத்தை பிடித்த பிடியை விடவில்லை. வெளியே அத்தனை பேர் காத்திருக்க, இவர் வரப்புத் தகராறுக்கு வந்தவர் போல மல்லுக்கட்டுகிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயமும்தான். நான் சரியென்று சொல்லி, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

பேசிப் பேசித் தொண்டை வறண்டு அத்தை பாட்டில் தண்ணீரைக் குடித்தார். டாக்டரம்மா அவர் கழுத்தையே பார்த்தார். "அம்மா, அந்த முந்தானையைக் கொஞ்சம் எடுங்க. இன்னொரு மடக்கு குடிங்க."

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, வெயிலோ மழையோ, அத்தை முந்தானையைக் கழுத்தைச் சுற்றித்தான் போட்டிருப்பார். பழக்கம் என்று நினைத்திருந்தேன். அவர் அசையாததால் நானே மெதுவாக விலக்கினேன். அத்தை இன்னொரு மடக்கு குடித்தார். தண்ணீர் இறங்கும்போது, என்னுடையதைவிடப் பெரிய கட்டி ஒன்று ஏறி இறங்கியது.

"பையனுக்குப் பொண்ணு பாக்கறப்பவே இருந்துச்சு கண்ணு. பரம்பரை நோவுன்னு சொல்லி யாரும் பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு மூடிக்கிட்டேன். அப்புறம், ஊசி வெச்சா பரவிக்கும்னாங்க. அதான் யாருக்கும் காட்டல" என்று அழுதார்.

என் கோபமெல்லாம் எங்கே போனதோ. "எனக்கு முதல்ல போடுங்க டாக்டர். எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா அத்தையும் போட்டுக்குவாங்க" என்றேன். வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, படுத்தபோது கை வயிற்றைவிட்டு நகரவில்லை. சுருக்கென்று ஒரு குத்து, அவ்வளவுதான். அடுத்த வாரம் அத்தையும் போட்டுக்கொண்டார்.

என்னுடையது சாதாக் கட்டி. பிரசவம் வரை ஸ்கேனில் கவனித்தார்கள், பெரிதாகவில்லை. மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அத்தையுடையது புற்றுநோய். சேலத்தில் ஆபரேஷன் முடிந்து, தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறார்.

ஒன்றை மட்டும் அவரிடம் இதுவரை சொன்னதில்லை. அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்த நேரம், "நீங்க வெளியே போய் உக்காருங்க" என்று கத்த நான் வாயைத் திறந்திருந்தேன். இப்போதும் யாராவது பிடிவாதம் பிடித்தால் எனக்குச் சுள்ளென்று கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் சொல்லாமல் போன அந்த ஒரு வார்த்தை ஞாபகம் வந்து, இவருக்கு உள்ளே என்ன பயமோ என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.