ராசிபுரத்தில் ரஷ்யாவுக்குப் பட்டாபிஷேகம்

“அதெல்லாஞ் சரிங்க, பட்டாபிஷேகம் எப்பங்க?”

எங்கள் நெசவாளர் தெருவின் பெரியதனக்காரர் இப்படிக் கேட்டதும் என் மச்சானின் வாய் திறந்தபடியே நின்றதை இன்றும் கண்ணால் பார்க்கிறேன். மச்சான் சொல்லிவந்த கதையில் ரஷ்யாவின் ராஜா ஜார் அரியணையை விட்டு இறங்கி அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. தெருவே சிலிர்த்து எழ வேண்டிய நேரம். கைதட்டலைத் தொடங்கிவைக்கும் பொறுப்பு என்னுடையது. இரண்டு கைகளையும் விரித்துத் தயாராக இருந்த நான், அவற்றை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு கொசுவை அடித்தேன்.

மச்சான் என் அக்காவின் கணவர். ராசிபுரத்தில் பட்டுத் தறிக்காரர். கள்ளுக்கடை மறியலில் சிறைக்குப் போனபோது கள்ளைத் தவிர வேறெதையும் பேசத் தெரியாதவராகப் போனார். கூட இருந்த கைதி ஒருவர் சொல்லக் கேட்டு, ரஷ்யா முழுவதையும் நெஞ்சில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தார். நான் அதே ஊர் நெய்க்கடையில் டின் அடைத்துக்கொண்டிருந்தேன். புரட்சிக்கு என் பங்கு பெட்ரோமாக்ஸ் விளக்குக்குக் காற்றடிப்பது. என்மேல் எப்போதும் நெய் வாசனை அடிக்கும் என்பதால், பஞ்சத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிடுவார்.

முப்பதுகளின் நடுவில், எல்லாப் பொருளின் விலையும் விழுந்துகிடந்த காலம் அது. தெருவுக்குப் பாவு நூல் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி, கூலியை மறுபடியும் குறைத்துவிட்டார். திங்கட்கிழமை புதுப் பாவு கொடுப்பதாக இருந்தது. அன்றைக்கு ஒருவர்கூடக் கை நீட்டி வாங்கக் கூடாது. முகூர்த்தச் சேலை இல்லாமல் அவர் தவித்துப்போய் வழிக்கு வருவார் என்பது மச்சானின் திட்டம். தெருவுக்குத் தைரியம் ஊட்டத்தான் ரஷ்யாவைக் கூப்பிட்டுவந்தார்.

நாலு சாயங்காலம், தறிகள் ஓய்ந்தபின், கோவில் மேடையில் உட்கார்ந்து சொன்னார். “அந்தச் சனங்க ராசாவப் பகையா நெனைக்கலீங்க. அப்பான்னு நெனச்சாங்க. சாமி படத்தோட அவரு படத்தையும் ஏந்திக்கிட்டு மனுக் கொடுக்கப் போனாங்க. சுட்டுப்போட்டாங்க.” பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு யுத்தம் வந்தது. துப்பாக்கிகூட இல்லாமல் போர்முனைக்குத் துரத்தப்பட்ட குடியானவர்கள், ரொட்டிக்காகப் பனியில் வரிசையில் நின்று வெறுங்கையோடு திரும்பிய பெண்கள், ஆலையை விட்டு வீதிக்கு வந்த பெண்கள் என்று கதை ஏறிக்கொண்டே போனது. சுடச் சொன்ன பட்டாளம் சுடாமல் அவர்கள் பக்கம் சேர்ந்துகொண்டது என்றதும் முன்னால் இருந்த ஒருத்தி, “கூலிக்காரி பேச்சப் பட்டாளம் கேட்டுச்சுங்களா?” என்றாள்.

“கேட்டுச்சு அம்மணி.”

திங்கட்கிழமை எங்கள் கைக்குள் வந்துவிட்டதென்றே நினைத்தேன். ஜாரும் இறங்கினார். அப்போதுதான் பெரியதனக்காரரின் அந்தக் கேள்வி.

ஆண்டுதோறும் பாரதம் படிக்கும் மேடை அது. கடைசி நாள் தருமருக்கு முடி சூட்டி, செலவை ஏற்றவருக்குப் பரிவட்டம் கட்டினால்தான் கதை முடிந்ததாகக் கணக்கு. பாதியில் விட்டால் தெருவுக்கு ஆகாது.

“முடியே கிடையாதுங்க. இனிமேல் சனங்கதான் ராசா” என்றார் மச்சான்.

“அப்பச் சிம்மாசனம் சும்மாவா கெடக்குது? சரி, அப்புறமாச்சும் நல்லா இருந்தாங்களா?”

ஒரு ‘ஆமாங்க’ போதும். ஆனால் மச்சானுக்குப் பொய் வராது. அதற்குப்பின் நடந்த உள்நாட்டுச் சண்டையையும் பஞ்சத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார். நான் இருமினேன், செருமினேன், விளக்கின் காற்றைக்கூட இறக்கிவிட்டேன். இருட்டிலும் பஞ்சத்தைத் தொடர்ந்தார். தெரு முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

முடி சூட்டாமல் கதை பாதியில் நின்ற சேதி முதலாளிக்குப் போயிற்று. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேங்காய், சர்க்கரைப் பொங்கல், இவற்றோடு பாரதம் படிக்கும் பிரசங்கியாரையும் அனுப்பி, தானும் வந்து முன்னால் உட்கார்ந்தார். அன்று காலைவரை ரஷ்யா என்ற பெயரையே கேட்டிராத பிரசங்கியார், கதையில் ரொட்டி வரிசையில் நின்ற ஒரு தாய்க்கு விருத்தம் பாடி முடி சூட்டினார். செலவை ஏற்றவர் என்ற முறையில் முதலாளிக்குப் பரிவட்டம் கட்டினார்கள். புரட்சி முடிந்த கையோடு முதலாளியின் தலையில் பட்டுத் துணியைச் சுற்றிய ஊர் உலகத்தில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். இன்றைக்குச் சுதந்திர நாட்டில், சாக்கடைக்கு வழி கேட்கக் கூடிய கூட்டத்தில்கூட முன்வரிசைக்காரருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டுக் கலைகிறார்கள். சாக்கடை அங்கேயேதான் இருக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

திங்கட்கிழமை, குறைத்த கூலிக்கே தெரு முழுக்கப் பாவு வாங்கியது. மச்சான் ஒருவர்தான் போகவில்லை. மற்ற வீடுகளில் தறிச் சத்தம் கிளம்பியபோது அவர் தன் வெறுந்தறியின் குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“உங்க ரஷ்யாக்காரங்க ஒரு படி ராகி அனுப்புவாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க” என்று அக்கா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

என் ஆத்திரத்தையும் கொட்டினேன். “யாரோ ஒருத்தருக்கு முடியச் சூட்டித் தொலைச்சிருக்கலாமுங்கல்ல மச்சான்? மொதலாளி வந்து முடிச்சுவெச்சுட்டாரே.”

“கதை முடிஞ்சுதுன்னா எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருவாங்க மாப்ளே. முடியல, முடியலன்னு மனசுல உறுத்திக்கிட்டே இருக்கோணும். அது அந்த மனுசனுக்குத் தெரிஞ்சிருக்குது.”

அக்கா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் இருந்தது நேற்றைய பட்டாபிஷேகப் பொங்கல்தான். மச்சான் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டார். எங்கள் கடை நெய்யில் செய்தது, கெட்டுப்போகவில்லை. எரிச்சலோடு முழுவதையும் தின்றுமுடித்தேன்.