பத்து காஜாவில் ‘கவனித்து’ வைத்த உகுலேலே

பிப்ரவரியில் என் இடது கையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பிறகு கிட்டார் கம்பியை அழுத்த விரல்களில் பலமில்லை. இருபது வருடம் வாசித்தவனுக்கு அது பெரிய வேதனை. நான்கே நைலான் தந்திகள் கொண்ட குட்டி கிட்டாரான உகுலேலேயாவது வாசிக்க முடியுமா என்று பார்க்கத்தான் ஜூலையில் ஒரு சனிக்கிழமை மலேசியாவின் பேராக் மாநிலத்துக்குப் போனேன். புதியது கடையிலேயே கிடைக்குமே என்பீர்கள். பழையவற்றின் பலகை மெல்லியது, நன்றாகக் காய்ந்திருக்கும். லேசாகத் தொட்டாலே பேசும்.

கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம். அங்கிருந்து வாடகைக் காரில் பத்து காஜாவைத் தாண்டி ஒரு பழைய ரப்பர் எஸ்டேட்டுக்கு 26 கிலோமீட்டர், 40 நிமிடம், 35 ரிங்கிட்.

“அந்த எஸ்டேட்டுல இப்போ ரப்பர் இல்லண்ணே, எல்லாம் எண்ணெய் எடுக்கிற செம்பனைலா. அங்க என்ன வேலை?” என்றார் ஓட்டுநர்.

“பழைய உகுலேலே வாங்கப் போறேன்.”

“பழசையா? காசு குடுத்தா?”

விற்பவர் முனியாண்டி அண்ணன், லாரி ஓட்டுபவர். எஸ்டேட் மேனேஜர் பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்ததாம். அனுப்பிய படத்தில் நிறம் மங்கியிருந்தாலும் விரிசல் இல்லை. “நான் வர்ற வரைக்கும் கவனிச்சு வையுங்கண்ணே” என்று போனில் சொல்லியிருந்தேன்.

கவனித்திருந்தார். தீபாவளிக்குக் கதவுகளுக்கு அடித்த வார்னிஷில் மிச்சம் இருந்ததாம். அதை உகுலேலே முழுக்க இரண்டு கோட்டிங் அடித்திருந்தார்.

“கே.எல்.லருந்து வாரீங்க, அழுக்காவா குடுப்பேன்? பாருங்க தம்பி, பளபளன்னு இருக்கு!”

 கெட்டி வார்னிஷ் பலகையை அசையவிடாது. தட்டிப் பார்த்தேன், ‘தொப்’ என்றது. அவரை எப்படிக் கோபித்துக்கொள்வது? சொன்னது நான்தானே.

சி கார்டு என்ற சுரக்கூட்டுக்கு ஒரே விரல் போதும், ஆனால் அது மோதிர விரல், என் கையில் மிகவும் பலவீனமானது. கழுத்தின் மூன்றாம் கட்டத்தில் வைத்து அழுத்தினேன். தந்தி இறங்கியது. மீட்டினேன். போர்வைக்குள்ளிருந்து வருவது போல மந்தமான ஒலி, ஆனால் பிசிறில்லை. ஐந்து மாதத்தில் என் கை வாசித்த முதல் கார்டு. கண் கலங்கிவிட்டது.

அண்ணன் பதறிப்போனார். “என்ன தம்பி, கெடுத்துப்புட்டேனா?”

“சத்தம் கொஞ்சம் அடங்கிருச்சுண்ணே. ஆனா விரல் அழுத்துது.”

அவருக்குப் புரியவில்லை. ஐம்பது ரிங்கிட் குறைக்க வந்தார். நான் பேசியபடி 250 கொடுத்தேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு: பலகையைத் தட்டிக் கேளுங்கள். தந்தி கட்டிய அடிக்கட்டை பெயர்ந்திருக்கிறதா, கழுத்து வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். கிட்டாரின் ஆழத்தை எதிர்பார்க்காதீர்கள். நல்ல பழைய உகுலேலேயின் ஒலி சட்டென்று எழும்பும், சீக்கிரம் அடங்கும். முக்கியமாக, போனில் “தொடாதீங்க” என்று மட்டும் சொல்லுங்கள்.

ஈப்போவில் கருவிகள் பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். வார்னிஷை எடுத்துவிடலாம், சத்தம் திரும்பிவிடும், மூன்று வாரம் விட்டுவிட்டுப் போங்கள் என்றார். மூன்று வாரம் வாசிக்காமல் இருக்க என்னால் முடியாது என்று சொல்லி, தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.