ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம்

லண்டனில் எனக்குச் சோறு போடும், யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் கணினி வாய் திறப்பதில்லை. கட்டளையைத் தட்டச்சு செய்து விசையை அழுத்தினால், வேலை முடிந்ததா இல்லையா என்று ஒரு சொல் வராது. அடுத்த கட்டளைக்கான குறி மட்டும் கண்சிமிட்டிக்கொண்டு நிற்கும். வந்த புதிதில் எனக்கு ஒரே அந்தரம். ஒரே கோப்பை இரண்டு மூன்று தரம் நகலெடுத்துவிட்டு, எங்கள் மனேச்சர் பீற்றரிடம் போய் நின்றேன். "பிழை இருந்தால்தான் யுனிக்ஸ் பேசும். ஒன்றும் சொல்லாவிட்டால் சரி என்று அர்த்தம்" என்றார்.

அலுவலகத்தில் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நிற்கும் பழைய பெருங்கணினியான மெயின்பிரேம் அப்படியல்ல. சின்னக் கணக்கைக் கொடுத்தாலும் எப்போது தொடங்கியது, எப்படி முடிந்தது என்று தாள் தாளாகக் கக்கும். யுனிக்ஸோ, அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனியொன்றின் ஆய்வுகூடத்தில் ஒரு சிலர், யாரும் தேடாத சின்ன இயந்திரமொன்றில் தங்கள் வசதிக்காக எழுதிக்கொண்டது. பிறகு அதை சி என்ற மொழியில் திரும்ப எழுதியதால், பிறந்த இயந்திரத்தை விட்டு எங்கேயும் குடியேற முடிந்தது. பல்கலைக்கழகங்களுக்குப் போனது, மேசையில் வைக்கும் வேர்க்ஸ்டேஷன்களுக்கு வந்தது, கடைசியில் மெயின்பிரேமுக்குள்ளும் புகுந்தது. கம்பனிகள் ஆளுக்கொரு யுனிக்ஸ் செய்து, தன்னுடையதுதான் அசல் என்று சண்டை பிடித்தன. ஒரே பள்ளிக்கூடத்துக்கு மூன்று பழைய மாணவர் சங்கம் வைத்திருக்கும் நமக்கு இது புதினமில்லை.

ஆனால் பேசாமல் இருப்பது சரி என்று அர்த்தமாம். இதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை. வாயை மூடிக்கொண்டே ஒரு குடியைக் கெடுக்கலாம் என்பதை நான் யாழ்ப்பாணத்தில், எங்கள் ஊர் மானிப்பாயில் கண்டவன்.

எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து அகதிக் கப்பலில் காங்கேசன்துறை வந்திறங்கியவர் குணம் அண்ணை. கொழும்பில் மெயின்பிரேம் ஒப்பரேட்டர். உடுத்த உடுப்போடு வந்தவருக்கு, அயலில் ஒரு வீடு கிடைக்கும்வரை எங்கள் வீட்டில்தான் சாப்பாடும் படுக்கையும். அக்காதான் பரிமாறினாள். அடுத்த வருடம் அக்காவுக்குச் சாவகச்சேரியில் ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. எங்கள் பக்கத்தில் அயலில் விசாரிக்காமல் யாரும் கலியாணத்துக்கு நாள் வைப்பதில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா சைக்கிளில் வந்து குணம் அண்ணையிடம் விசாரித்தார். குணம் அண்ணை பொய் எதுவும் சொல்லவில்லை. "அதுகளைப் பற்றி நான் ஏன் கதைப்பான்? வேறை ஆரையும் கேட்டுப் பாருங்கோ" என்றாராம். தரகர் வந்து அப்பாவிடம் அதைச் சொன்னபோது அம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் ஊரில் ஒரு பெண்ணைப் பற்றி அதைவிடக் கேவலமாக ஒன்றும் சொல்லிவிட முடியாது. சம்பந்தம் முறிந்தது. ஆறு மாதம் கழியவில்லை, அதே மாப்பிள்ளை குணம் அண்ணையின் தங்கையைக் கட்டினார். பிறகு வந்தவர்களெல்லாம் முதல் சம்பந்தம் ஏன் குழம்பியது என்றே கேட்டார்கள். இன்று அப்பாவும் அம்மாவும் இல்லை. போரில் கரண்ட் போன அந்த வீட்டில் அக்கா ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில், தான் படிப்பிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பி திருத்துகிறாள்.

இந்த வருடம் எங்கள் கம்பனி மெயின்பிரேமை நிறுத்தி எல்லாவற்றையும் யுனிக்ஸுக்கு மாற்ற முடிவெடுத்தது. பழைய இயந்திரத்தின் மொழி தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். "இவரும் யாழ்ப்பாணமாம். தெரியுமா? ஆள் எப்படி?" என்று ஒரு விண்ணப்பத்தை நீட்டிப் பீற்றர் கேட்டார். அவரும் லண்டனுக்கு வந்துவிட்டிருக்கிறார்; அதில் குணம் அண்ணையின் பெயரைக் கண்டதும் எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இதற்காகத்தானே இத்தனை வருடம் பொறுத்திருந்தேன்! மேசையைப் பார்த்தபடி, அவர் சொன்னதையே ஆங்கிலத்தில் சொன்னேன்: "அவரைப் பற்றி நான் எதற்குப் பேச வேண்டும்? வேறு யாரிடமாவது கேளுங்கள்." அன்று மத்தியானம் சாப்பாடு நன்றாகவே இறங்கியது.

அடுத்த திங்கட்கிழமை குணம் அண்ணை கோட்டும் டையுமாக வந்து நின்றார், வேலைக்கு.

"ஊர்க்காரர் என்று பரிந்து பேசாமல் ஒதுங்கிக்கொண்டீர்கள். அது நேர்மை. குறை இருந்திருந்தால் சொல்லியிருப்பீர்கள் அல்லவா?" என்றார் பீற்றர். நானே குடிவைத்து, வாழைக்குலையோடு வரவேற்றதுபோல் ஆகிவிட்டது.

பீற்றர் போனதும் குணம் அண்ணை கிட்ட வந்தார். "தம்பி, நீர் குறுக்கை நிக்கேல்லையாம். பெரிய உபகாரம். அக்காவை எங்கை கட்டிக் குடுத்தனீங்கள்?"

மறந்துவிட்டார். செய்ததைவிட அந்த மறதிதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு இடமும் இல்லை. சாவகச்சேரியார் உங்களிட்டை விசாரிச்சதோடை எல்லாம் முடிஞ்சுது."

"நான் என்ன தம்பி சொன்னனான்? ஒண்டும் சொல்லேல்லையே."

"ஓம். அதைத்தான் சொல்லுறன்."

அவர் முகம் கறுத்தது. தேநீர்க் கோப்பையைக் குடிக்காமலே மேசையில் வைத்துவிட்டார். அப்போது அந்தப் பக்கமாக வந்த பீற்றர், "கடைசியில் உங்கள் மொழியில் பேச உங்களுக்கும் ஓர் ஆள் கிடைத்துவிட்டார்" என்று சிரித்துக்கொண்டு போனார்.

அவரை இங்கிருந்து கிளப்ப எனக்கு வழி தெரியாமலில்லை. ஆனால் அவர் போய்விட்டால், நான் பேசாமல் இருப்பதைக் கண்டு கூசுவதற்கு இந்த நாட்டில் வேறு யாரும் இல்லை. ஆகவே அவருடைய மேசையை எனக்கு நேர் எதிரே போடுவித்தேன். காலையில் வந்ததும் "எப்பிடித் தம்பி?" என்று கேட்பார். நான் ஒன்றும் சொல்வதில்லை. அதைப் பார்க்கும் பீற்றர் எங்களுக்குள் எல்லாம் சரி என்று நினைத்துக்கொள்கிறார். குணம் அண்ணை தலையைக் குனிந்துகொள்கிறார்.